ஆறு மாதம் தாமதமான மாம்பழக் கருவி: காத்திருக்கலாமா, பணத்தைக் கேட்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேரளாவின் பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிறீர்கள். காயை அறுக்காமல், தோல்மேல் வைத்து அழுத்தினாலே உள்ளே எவ்வளவு இனிப்பு என்று சொல்லும் கையடக்கக் கருவி ஒன்றுக்கு, வெளிநாட்டுக் கிரவுட்ஃபண்டிங் தளத்தில், அதாவது பொருள் தயாராகும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் இணையதளத்தில், கிரெடிட் கார்டு வழியாக 22,000 ரூபாய் கட்டினீர்கள். உங்களைப்போல ஏறத்தாழ 4,000 பேர் பணம் போட்டிருக்கிறார்கள். 8 மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள், இப்போது 14 மாதம் ஆகிவிட்டது. இதுவரை 4 கடிதம் வந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு புதுத் தேதி. முதலாவதில் பாகங்கள் தட்டுப்பாடு, இரண்டாவதில் சீனப் புத்தாண்டு விடுமுறை, மூன்றாவதில் பிளாஸ்டிக் பெட்டியை வார்க்கும் அச்சில் திருத்தம், நான்காவதில் மறுபடியும் "அச்சில் ஒரு சிறு திருத்தம், அடுத்த மாதம் அனுப்பத் தொடங்குவோம்". இது ஏமாற்று வேலையா என்பது உங்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. நேர்மையாக வேலை செய்கிற ஆளுக்கும் இவ்வளவு தாமதம் வருமா? கருவி வந்தால் சொன்ன வேலையைச் செய்யுமா? பணத்தை மீட்க இன்னும் வழி இருக்கிறதா? முதல் விஷயம் என் தொழில், அதில் உறுதியாகப் பேசுவேன். இரண்டாவதில் அடிப்படை அறிவியலைச் சொல்ல முடியும், அந்தக் குறிப்பிட்ட கருவியை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மூன்றாவதில் விதி என்ன என்று சொல்லலாம், முடிவு எடுப்பது உங்கள் பேங்க்.

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் 22 வருடமாக எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தியில் இருக்கிறேன். யாராவது ஒரு பொருளை வடிவமைத்துக் கொண்டுவந்தால் அதை நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ செய்து கொடுப்பது எங்கள் வேலை. எடைமெஷின் போர்டு, பம்புசெட் ஸ்டார்ட்டர், சோலார் கன்ட்ரோலர் என்று பல வகை. பிளாஸ்டிக் பெட்டியை வார்க்கும் அச்சை டை என்போம். அதைக் கோயம்புத்தூரில் அடிப்போம், போர்டு இங்கே கட்டுவோம். மேசைமேல் அழகாக ஓடிய ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு "மூன்று மாதத்தில் 2,000 வேண்டும்" என்று வந்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பொய் சொல்ல வந்தவர்கள் மிகச் சிலர். ஏறக்குறைய எல்லாரும் தேதியில் தவறினார்கள்.

அதனால் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது: 8 மாதம் 14 ஆனது ஏமாற்றுக்கு அத்தாட்சி ஆகாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் கிரவுட்ஃபண்டிங் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் சொன்ன தேதியில் பொருளைத் தரவில்லை. அவரே கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் பணம் போட்டவர்களைக் கேட்டு 2015இல் வெளியிட்ட இன்னொரு கணக்கில், கடைசிவரை எதையும் தராமல் போன திட்டங்கள் 9 விழுக்காடு. அந்த 9 விழுக்காட்டில் புத்தகம், இசைத்தட்டு, விளையாட்டு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் கருவியைத் தயாரிப்பது ஒரு புத்தகத்தை அச்சிடுவதைவிட எத்தனையோ மடங்கு சிக்கல், ஆகவே அந்த எண்ணை உங்கள் கருவிக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்களுக்கு வந்த 4 கடிதங்களை வைத்தே சொல்கிறேன். பாகத் தட்டுப்பாடு உண்மையாக இருக்கக்கூடிய காரணம். 2021, 2022 வருடங்களில் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு ஆர்டர் போட்டால் 52 வாரம் என்று பதில் வரும். அந்த நேரத்தில் ஒரு போர்டையே மாற்றி வடிவமைத்து, கையில் கிடைத்த வேறு சிப்பை வைத்துச் செய்துகொடுத்தோம். அதற்கு மட்டும் 5 மாதம் போயிற்று. இப்போது அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் உங்கள் கருவியில் இருக்கிற ஒளி சென்சார் போன்ற அபூர்வமான பாகங்களை ஒன்றிரண்டு கம்பெனிகள்தான் செய்யும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால் முதல் கடிதத்தை நான் சந்தேகிக்க மாட்டேன். எந்தப் பாகம் என்று பெயர் சொல்லியிருந்தால் இன்னும் நம்புவேன்.

இரண்டாவது கடிதம் வேறு கதை சொல்கிறது. சீனப் புத்தாண்டு ஒவ்வொரு வருடமும் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவே வரும். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஃபேக்டரி பழைய வேகத்துக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம் ஆகும். இது உண்மை. ஆனால் அந்தத் தேதி பல வருடம் முன்னாலேயே காலண்டரில் இருக்கிறது. ஓணத்துக்கும் விஷுவுக்கும் கஞ்சிக்கோட்டில் ஆள் வராது என்று தெரியாமல் நான் ஒருவருக்குத் தேதி கொடுத்தால், எனக்கு இந்தத் தொழில் புதிது என்றுதான் அர்த்தம். அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் இதற்கு முன் சீனாவில் எதையும் தயாரித்ததில்லை என்று நான் ஊகிக்கிறேன். பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அனுபவம் இல்லாத கை என்று சொல்கிறேன், அதுவும் உங்கள் பணத்துக்கு ஆபத்துதான்.

மூன்றாவதும் நான்காவதும் டை சம்பந்தப்பட்டவை, இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எஃகில் டை வெட்டி முடிக்க 6 முதல் 10 வாரம் ஆகும். அதில் முதல் தடவை பிளாஸ்டிக் ஏற்றி எடுக்கிற சாம்பிளை டி-1 என்பார்கள். டி-1 சாம்பிள் குறையே இல்லாமல் வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஸ்க்ரூ ஏறும் தூணுக்கு நேர் எதிரே வெளிப்பக்கம் லேசாகக் குழி விழும். இரண்டு பாதி சேரும் ஓரத்தில் பிசிறு நிற்கும். மூடி ஆறும்போது ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். டையில் எஃகை இன்னும் கொஞ்சம் வெட்டி எடுப்பது எளிது. வெட்டியது அதிகமாகிப் போனால் வெல்டு வைத்து, திரும்ப வெட்டி, பாலிஷ் போட வேண்டும். ஒரு திருத்தத்துக்கு 2 அல்லது 3 வாரம் என்று வையுங்கள். மூன்று டிரையல், நான்கு டிரையல் போவது வழக்கமானதுதான்.

ஒரு முறை வயலில் வைக்கிற மீட்டர் பெட்டி ஒன்று செய்தோம். 10 வாரம் என்று எழுதிக் கொடுத்தேன், 7 மாதம் ஆயிற்று. மூடி வளைந்ததால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம். நான்கு முறை டை கோயம்புத்தூருக்குப் போய்த் திரும்பியது. அது 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய காலம். கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும், ஒரு தடவை டை வண்டி இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. பெட்டியைக் கேட்டவருக்கு வாரம் ஒரு முறை போன் செய்து, இந்த வாரம் எந்த மூலை, எவ்வளவு மில்லிமீட்டர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கோபப்பட்டார், ஆனால் ஆர்டரை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் கடிதங்களில் தேடச் சொல்கிறேன். உண்மையாக டையோடு மல்லுக்கட்டுகிற ஆளிடம் சொல்ல விவரம் நிறைய இருக்கும், சொல்லாமல் அவரால் இருக்கவும் முடியாது. டி-1இல் என்ன குறை, டி-2இல் எது சரியானது, எது மிச்சம் என்று எழுதுவார். குறையுள்ள சாம்பிளின் போட்டோவை வெட்கப்படாமல் போடுவார். நீங்கள் அனுப்பிய நான்காவது கடிதம் மூன்றாவதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்கிறது. என்ன திருத்தம், எந்த இடத்தில், எத்தனையாவது டிரையல் எதுவும் இல்லை. இரண்டு கடிதத்துக்கும் நடுவே 10 வாரம் ஓடியிருக்கிறது. அத்தனை நாளில் குறைந்தது மூன்று டிரையலாவது எடுத்திருக்க முடியும். எனக்கு உண்மையாகவே சந்தேகம் தட்டுகிற இடம் இதுதான். "சிறு திருத்தம்" என்பவர் பெரும்பாலும் டைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் நிற்கிறார், அல்லது டையே இன்னும் வெட்டப்படவில்லை. எது என்று கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது.

பணம் இல்லாமல் போவது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் ஊகம், முறை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். 4,000 பேர், ஆளுக்கு 22,000 என்றால் 8.8 கோடி. தளத்தின் கமிஷனும் கார்டு கட்டணமும் சேர்ந்து 8 முதல் 10 விழுக்காடு போகும், கையில் 7.9 கோடி என்று வையுங்கள். அந்த 4,000 பேரைப் பிடிக்க இணைய விளம்பரத்துக்கு 1.5 கோடி. டை, பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் 80 லட்சம். கம்பெனியில் இருக்கிற ஆட்களின் சம்பளம் வாடகையோடு மாதம் 25 லட்சம் என்றால் 8 மாதத்துக்கு 2 கோடி. மிச்சம் 3.6 கோடி. ஒரு கருவிக்குப் பாகமும் கூலியும் 9,000 ரூபாய் என்றால் 4,000 கருவிக்குச் சரியாக 3.6 கோடி. எட்டு மாதத்தில் முடித்திருந்தால் வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருந்திருக்கும். ஆறு மாதம் கூடுதலாகப் போனதால் சம்பளமே இன்னும் 1.5 கோடியைத் தின்றிருக்கும். அந்தப் பணம் 1,600க்கு மேற்பட்ட கருவிகளின் பாகங்களுக்கு உரியது. ஒரு பைசாகூடத் திருடாமலேயே பத்தில் நான்கு பேருக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் போகிறது. தாமதம் இப்படித்தான் மெல்ல இல்லாமையாக மாறுகிறது, நீங்கள் கவலைப்பட வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

நடந்த உதாரணம் சொல்கிறேன். 2014இல் கூலஸ்ட் கூலர் என்று ஒரு பிக்னிக் பெட்டி, உள்ளேயே மிக்சியும் ஸ்பீக்கரும் வைத்தது. 62,000 பேருக்கு மேல் சேர்ந்து 1.3 கோடி டாலர் போட்டார்கள். 2015 பிப்ரவரியில் தருவதாகப் பேச்சு. விலையைக் குறைத்து வைத்துவிட்டதால் பணம் தீர்ந்தது. பணம் போட்டவர்கள் காத்திருக்கும்போதே அதே பெட்டியை அமேசானில் அதிக விலைக்கு விற்று அந்த வருமானத்தில் மிச்சத்தைச் செய்யப் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் கடையை மூடியபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி வரவேயில்லை. இன்னொன்று, பிரிட்டனில் ஸானோ என்ற குட்டி டிரோன். 12,000 பேர் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டார்கள், 2015 நவம்பரில் கம்பெனி கலைக்கப்பட்டது, கையில் வந்தது சில நூறு பேருக்கு. கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை அமர்த்தி விசாரிக்கச் சொன்னது. சக்திக்கு மீறி வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதே அந்த அறிக்கையில் தெரிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. பெப்பிள் கைக்கடிகாரம் 2012இல் ஒரு லட்சம் டாலர் கேட்டு ஒரு கோடிக்கு மேல் வாங்கியது. செப்டம்பர் தேதி தவறியது, 2013 ஜனவரியில் அனுப்பத் தொடங்கினார்கள். அத்தனை ஆயிரம் கடிகாரமும் போய்ச் சேர்ந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் ஃபேக்டரியில் என்ன நடக்கிறது என்று படத்தோடு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

சரி, இரண்டாவது விஷயம், கருவி வேலை செய்யுமா. தோல்வழியே ஒளியைச் செலுத்தி உள்ளே இருப்பதை அளப்பது கற்பனை இல்லை. கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியைக் காய்மேல் பாய்ச்சினால் சில மில்லிமீட்டர் ஆழம் உள்ளே போய்த் திரும்பும். தண்ணீரும் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஒளியை வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு அளவு உறிஞ்சும், அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆஸ்திரேலியாவில் மாந்தோப்புக்காரர்கள் இந்த முறையில் காய் முற்றியதா என்று பார்க்கிறார்கள். ஆகவே அடிப்படையில் பொய் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன், 2015இல் லேசர் ஒளியால் முடியை வெட்டும் ஷேவிங் ரேசர் என்று ஒன்று 40 லட்சம் டாலருக்குமேல் திரட்டியது. ஓடுகிற மாதிரியைக் காட்ட முடியாமல் கிக்ஸ்டார்ட்டர் அதை நிறுத்திவிட்டது. உங்கள் கருவி அந்த வகையில் சேராது.

ஆனால் இரண்டு இடத்தில் எனக்குத் தயக்கம். நீங்கள் மரத்தில் பார்ப்பது பச்சைக் காய். அந்த நிலையில் சர்க்கரை குறைவு, மாவுச்சத்துதான் அதிகம், பழுக்கும்போதுதான் அது சர்க்கரையாகும். ஆகவே பறிக்கும்போது அளக்க வேண்டியது இனிப்பை அல்ல, தண்ணீர் போக மிஞ்சும் உலர் எடையை. ஆஸ்திரேலியாவில் சில ரகங்களுக்கு 14, 15 விழுக்காடு உலர் எடை வந்தால் பறிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் "இனிப்பு" என்று மட்டும் இருந்து உலர் எடை பற்றிப் பேச்சே இல்லையென்றால், பழக்கடையில் பழுத்த பழத்தை வாங்குபவரை நினைத்துச் செய்த கருவி அது, தோப்புக்காரரை நினைத்துச் செய்தது அல்ல. அடுத்தது ரகம். அல்போன்சாவுக்குப் போட்ட கணக்கு கிளிமூக்குக்குச் செல்லாது. பங்கனபள்ளி, சிந்தூரம், இமாம்பசந்த் என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான காயைக் கருவியில் வைத்துப் பார்த்து, பிறகு அறுத்து அளந்து, இரண்டையும் பொருத்த வேண்டும். வெயிலில் சூடேறிய காய் வேறு, விடிகாலைக் காய் வேறு. இந்த வேலையை நம் ரகங்களுக்குச் செய்தார்களா என்று கேட்டு வாங்கிய பதில் உங்களிடம் இருக்கிறதா?

இதே வழியில் முன்பு ஒரு கருவி வந்தது. சியோ என்று பெயர். 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் 27 லட்சம் டாலருக்குமேல் திரட்டியது, உணவைக் காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் என்றார்கள். 2016லும் கையில் வராமல் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். உள்ளே இருந்த ஒளித் தொழில்நுட்பம் உண்மையானது. அதைச் சட்டைப்பையில் வைக்கும் விலைக்கும் அளவுக்கும் கொண்டுவந்து, எல்லாப் பொருளுக்கும் சரியாக அளக்க வைப்பதுதான் பாடுபடுத்தியது.

அப்படியானால் இப்போது என்ன செய்வது. கடிதம் எழுதுங்கள், கோபம் வேண்டாம், விவரம் கேளுங்கள். டை எத்தனையாவது டிரையலில் இருக்கிறது, கடைசிச் சாம்பிளின் போட்டோ வேண்டும். சென்சார் மொத்தமும் வாங்கியாயிற்றா அல்லது ஆர்டர் மட்டுமா. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறதே, அதை விமானத்தில் ஏற்ற யு.என். 38.3 என்ற பரிசோதனையின் சுருக்கத் தாளைக் கேட்டவருக்குக் காட்ட வேண்டும், 2020 ஜனவரி முதல் அது கட்டாயம். அந்தத் தாளை அனுப்பச் சொல்லுங்கள். புளூடூத் இருந்தால் அமெரிக்காவில் விற்க அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் எண் வேண்டும், எண் கிடைத்தால் அவர்கள் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். சான்றிதழ் பெற்ற ரேடியோ பாகத்தை வாங்கிப் பொருத்தியிருந்தால் அந்தப் பாகத்தின் எண்தான் வரும், அதை வைத்துத் தப்பாக முடிவு கட்ட வேண்டாம். இதெல்லாம் பணம் செலவழித்தால் மட்டும் கிடைக்கிற தாள்கள். டிசைன் படத்தை யாரும் வரையலாம். பரிசோதனைத் தாளைக் காசு கட்டாமல் வாங்க முடியாது. இரண்டு வாரத்துக்குள் இதில் ஒன்றிரண்டாவது வந்தால் நான் காத்திருப்பேன். "விரைவில் தெரிவிக்கிறோம்" என்று வந்தால் காத்திருக்க மாட்டேன்.

பதிலுக்காகக் காத்திருக்கும்போதே பேங்குக்குப் போங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். பொருள் வந்து சேரவில்லை என்று கார்டு பணத்தைத் திரும்பக் கேட்கும் முறைக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். விசா விதிப்படி, பொருள் வரும் என்று கடைசியாக எதிர்பார்த்த தேதியிலிருந்து 120 நாள் அவகாசம். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. நீங்கள் கட்டி 14 மாதம், அதாவது 425 நாள் அளவில் ஆகிறது, ஆக மிச்சம் 110 நாள்போல. முதலில் சொன்ன எட்டு மாதத்திலிருந்து எண்ணினால் 120 நாள் தாண்டிவிட்டது. அவர்களே எழுத்தில் தேதியை மாற்றிக்கொண்டே வந்ததால், கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். அதற்கு அந்த 4 கடிதமும்தான் சான்று, ஒன்றையும் அழிக்க வேண்டாம். உங்கள் கார்டு வேறு வகையென்றால் கெடு மாறும், பேங்கில் கேளுங்கள். பேங்க் ஒப்புக்கொள்ளும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், "இது வாங்குதல் அல்ல, ஆதரவு" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சார்ஜ்பேக் போட்டால் கருவி பிறகு வந்தாலும் உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த "ஆதரவு" என்ற சொல்லில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பணத்துக்குப் பிணை உள்ள சீட்டைப்போல இதையும் நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டை நம் பக்கத்தில் குறி என்பார்கள், வாளையாருக்கு அந்தப் பக்கம் சீட்டு. பதிவு செய்த குறி நடத்துபவர் 1982ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி, குறித் தொகைக்கு ஈடாகப் பிணை வைத்தாக வேண்டும். கிரவுட்ஃபண்டிங்கில் அப்படி எந்தப் பிணையும் இல்லை. நீங்கள் தோப்பில் பூவைப் பார்த்துக் கொடுக்கிற முன்பணத்துக்குத்தான் இது நெருக்கம். இலைப்பேன் விழுந்து பூ கருகினால் தோப்புக்காரர் திருடினார் என்று யாரும் சொல்வதில்லை, முன்பணம் போனது போனதுதான். ஆனால் நீங்கள் தோப்பை நேரில் பார்த்துக் கொடுக்கிறீர்கள், இங்கே வீடியோவைப் பார்த்துக் கொடுத்தீர்கள். கிக்ஸ்டார்ட்டர் 2014இல் திருத்திய விதியில், பொருளைத் தர முடியாதவர் பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும், மிச்சம் இருப்பதைத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்று இருக்கிறது. தளமே பணத்தைத் திருப்பாது. நீங்கள் கட்டிய தளத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் அதை உங்கள் கடிதத்தில் எடுத்துக் காட்டுங்கள்.

நுகர்வோர் சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019ஆம் வருடச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டில், புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவில் அலுவலகம் இல்லாத கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினாலும் அதை நிறைவேற்றுவது பெரும்பாடு. வியாபாரத்துக்காக வாங்கியது என்று எதிர்வாதமும் வரலாம். இந்த வழியில் 22,000 ரூபாய்க்காக அலைவதைவிட சார்ஜ்பேக்கில் நேரத்தைச் செலவிடுவது மேல் என்பது என் எண்ணம், வக்கீல் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சீசன். முதலமடைக் காய் ஜனவரியிலேயே சந்தைக்கு வந்துவிடுகிறது, நாட்டில் முதலில் வருவதில் அதுவும் ஒன்று, அதனால்தான் விலை. வருகிற சீசனை அந்தக் கருவியை நம்பித் திட்டமிட வேண்டாம். அவர்கள் சொன்னபடி அடுத்த மாதம் அனுப்பத் தொடங்கினாலும், 4,000 பேரில் உங்கள் முறை எப்போது, வந்த பிறகு நம் ரகத்துக்குப் பழக்க எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். சாறு பிழிந்து பார்க்கும் பிரிக்ஸ் மீட்டர், ரிஃப்ராக்டோமீட்டர் என்பார்கள், ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழுத்த பழத்துக்கு அது போதும். பச்சைக் காய்க்கு, ஒரு மரத்துக்கு இரண்டு காய் அறுத்து, சதையைச் சரியாக 100 கிராம் எடைபோட்டு, மெல்லிசாகச் சீவி, எடை இனி குறையாது என்கிற வரை ஓவனில் காய வையுங்கள். மிஞ்சிய கிராம்தான் உலர் எடை விழுக்காடு. காயைத் தண்ணீரில் போட்டு மூழ்குவதைப் பார்க்கிற பழைய வழக்கம் உங்களுக்கே தெரியும், அதற்கும் இதுதான் அடிப்படை. இரண்டு சீசன் இப்படி மரம்வாரியாகக் குறித்து வைத்தால், பிறகு எந்தக் கருவி வந்தாலும் அதை நம் ரகத்துக்குப் பொருத்திப் பார்க்க உங்கள் நோட்டுதான் தேவைப்படும்.

ஒன்று விட்டுப்போயிற்று. பார்சல் உண்மையாகவே வந்தால் சுங்க வரி உங்களிடம்தான் கேட்பார்கள், கட்டிய பணத்துக்கான ரசீதையும் கார்டு ஸ்டேட்மென்டையும் தனியாக எடுத்து வையுங்கள். அவர்களிடமிருந்து சாம்பிள் போட்டோ ஏதாவது வந்தால் எனக்குக் காட்டுங்கள். ஸ்க்ரூ தூணின் பின்பக்கமும் மூடி சேரும் ஓரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் போதும், டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.